போர் தண்ணீர் சிவக்கிறதா? அறிகுறியைப் பார்த்துப் பழுதைக் கண்டுபிடிக்கும் முறை

சென்னையின் தென்புறநகரில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட ஓர் அடுக்ககத்தின் தண்ணீர்ப் பொறுப்பை ஒன்பது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். எங்கள் போரில் (ஆழ்துளைக் கிணற்றில்) இரும்பு உண்டு; எங்கள் தெருவின் பல போர்களிலும் உண்டு. எங்கள் கோளாறைச் சரிசெய்யக் கற்றுக்கொண்ட பிறகு அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்தும் அழைப்புகள் வரத் தொடங்கின. அவற்றில் பல வீடுகளில் இரும்பு நீக்கும் ஃபில்டரை ஏற்கெனவே வாங்கி மாட்டியிருந்தார்கள். ஆனால் பழுது மொட்டைமாடித் தொட்டியிலோ, சுவருக்குள் ஓடும் பழைய குழாயிலோ, அந்த ஃபில்டரைக் கழுவாமல் விட்டதிலோ இருந்தது. தண்ணீர் எந்த இடத்தில், எந்த நேரத்தில் சிவக்கிறது என்பதைப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும் என்பதால், கீழே உள்ளவற்றை அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத சோதனை முதலிலும், பணம் பிடுங்கும் வேலை கடைசியிலும் வரும்.

எந்த அறிகுறியானாலும் முதலில்: இரண்டு வாளிச் சோதனை

மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, தண்ணீர் எந்தத் தொட்டிக்கும் போவதற்கு முன்னால், போர் வாயை ஒட்டிய குழாயிலிருந்தே ஒரு வெள்ளை வாளியில் பிடிக்கவும். அங்கே தனிக் குழாய் இல்லையென்றால் ‘T’ வடிவ இணைப்பு ஒன்றும் அரை அங்குல டேப்பும் போட்டுக்கொள்வது நல்லது. சில நூறு ரூபாயில் முடியும் அந்த வேலை பின்னால் பல முறை கைகொடுக்கும். இரண்டாவது வெள்ளை வாளியில் சமையலறைக் குழாய்த் தண்ணீரைப் பிடிக்கவும். இரண்டையும் நிழலில் வைத்து, பிடித்தவுடன் ஒரு முறையும், ஒரு மணி நேரம் கழித்து ஒரு முறையும், மறுநாள் காலையில் ஒரு முறையும் பார்க்கவும்.

போர் வாளி முதலில் கண்ணாடி போலிருந்து, பிறகு மங்கி, மஞ்சளாகி, காலையில் அடியில் காவிப் பொடி படிந்திருந்தால் அது நிலத்தடியிலிருந்தே கரைந்து வரும் இரும்பு: அறிகுறி 1-க்குப் போகவும். போர் வாளி காலை வரை தெளிவாகவே இருந்து, சமையலறை வாளி மட்டும் சிவந்திருந்தால் அறிகுறி 2. போர் வாளி பிடித்த நொடியிலேயே சிவந்திருந்தால் அறிகுறி 3. மேலே வானவில் போல ஏடு மிதந்தாலோ, வாளியின் உட்புறம் வழுவழுத்தாலோ அறிகுறி 4.

நிறம் ஐயமாக இருந்தால் நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய்ப் பொடி வாங்கி, ஒரு தம்ளர் தண்ணீரில் இரண்டு சிட்டிகை போட்டுக் கலக்கி அரை மணி நேரம் விடவும். இரும்பு இல்லாத தண்ணீர் வெளிர் மஞ்சளாக நிற்கும். இரும்பு உள்ள தண்ணீர் சாம்பலாகவோ நீலக் கருப்பாகவோ மாறும். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு தம்ளரில் கேன் தண்ணீரையும் இதே போல வைத்துக்கொள்ளவும். கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்து மை காய்ச்சியவர்கள் நம்முடைய ஊர்க்காரர்கள்தான். அதே வேலைதான் இந்தத் தம்ளருக்குள்ளும் நடக்கிறது. அளவு தெரியாது, உண்டா இல்லையா என்பது மட்டும் தெரியும்.

விற்பனையாளர்கள் செய்துகாட்டும் இரண்டு சோதனைகளை நம்ப வேண்டாம். டி.டி.எஸ். மீட்டர் கரைந்த உப்புகளின் மொத்தத்தைத்தான் தோராயமாகக் காட்டும். 900 என்று காட்டும் தண்ணீரில் இரும்பே இல்லாமலும் இருக்கலாம், 300 காட்டும் தண்ணீர் துணியெல்லாம் காவியாக்கவும் செய்யலாம். இன்னொன்று, தம்ளருக்குள் இரண்டு கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சி, தண்ணீர் சேறாவதைக் காட்டும் வித்தை. அந்தச் சேறு பெரும்பாலும் இரும்புக் கம்பியே கரைந்து வருவதுதான். உப்பு போட்ட நல்ல தண்ணீரிலும் அது வரும்.

அளவு தெரிய வேண்டுமென்றால் ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வகங்கள் உள்ளன. தனியார் ஆய்வகங்களும் உண்டு. சாதாரண பாட்டிலில் பிடித்து இரண்டு நாள் கழித்துக் கொடுத்தால் இரும்பு பாட்டிலின் சுவரிலேயே படிந்துவிடும், அறிக்கையில் குறைவாக வரும். ஆகவே இரும்புக்கென்று அமிலம் சேர்த்த தனி பாட்டில் தருமாறு கேட்டு வாங்கி, அதில் பிடிக்கவும். மொத்த இரும்பு, மாங்கனீசு, பி.எச். (தண்ணீரின் புளிப்பு-காரத் தன்மையின் அளவு; 7-க்குக் கீழே புளிப்பு), கடினத்தன்மை ஆகிய நான்கையும் சேர்த்தே கேட்கவும். ஃபில்டர் தேர்வு இந்த நான்கையும் பொறுத்தது. குடிக்கவும் பயன்படுத்துகிறவர்கள் கிருமிச் சோதனையையும், ஒரு முறையாவது முழு ரசாயனச் சோதனையையும் செய்துகொள்ள வேண்டும்.

குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500, 2012ஆம் ஆண்டுப் பதிப்பில் இரும்புக்கு லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தது. பின்னர் வந்த திருத்தம் அதை 1 மில்லிகிராம் ஆக்கியது. ஆனால் கறை 0.3-ஐத் தாண்டியதுமே தெரியத் தொடங்கும். அறிக்கையில் 0.8 என்று வந்து ‘வரம்புக்குள்’ என அச்சாகியிருந்தாலும் வெள்ளை வேட்டி வேறு தீர்ப்புச் சொல்லும்.

அறிகுறி 1: பிடிக்கும்போது தெளிவு, நின்றபின் சிவப்பு

இதுதான் உண்மையான இரும்புத் தண்ணீர். காற்றுப் படாதவரை இரும்பு கரைந்தே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. காற்றுப் பட்டதும் துருவாகிப் பிரியும். எனவே தீர்வு எதுவானாலும் வரிசை ஒன்றுதான்: காற்றைக் காட்டு, பிரிய நேரம் கொடு, பிரிந்ததை வடிகட்டு. இந்த மூன்றில் ஒன்றைத் தவறவிட்ட ஏற்பாடு எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் தோற்கும்.

முதல் படி, தொட்டியையே வேலை செய்ய வைப்பது. மேல்தொட்டி இரண்டு இருந்தால் இரவில் ஒன்றை நிரப்பி அசையாமல் விட்டு, மறுநாள் அதிலிருந்து எடுக்கவும். பிளாஸ்டிக் தொட்டிகளில் வெளியேறும் குழாய் கிட்டத்தட்ட அடிமட்டத்திலேயே இருப்பதால் படிந்த காவியையும் சேர்த்தே இழுக்கும். தொட்டிக்குள் அந்த வாயில் ஒரு எல்போவும் அரையடிக் குழாயும் நிமிர்த்தி மாட்டினால், அடியில் அரையடித் தண்ணீர் வண்டலோடு தனியே நிற்கும். அதை வாரம் ஒரு முறை திறந்துவிட, அடிமட்டத்தில் ஒரு வால்வு வைக்கவும். இரும்பு 1 மில்லிகிராம் அளவில் இருக்கும் வீடுகளில் துணி துவைக்கும் தண்ணீருக்கு இதுவே போதுமானதாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது படி, தூறல். தொட்டிக்குள் தண்ணீர் கொட்டும் குழாயின் முனையை மூடி, அடிப்பக்கம் மூன்று மில்லிமீட்டர் துளைகள் வரிசையாகப் போட்டு, நீர்மட்டத்துக்கு மேலே இரண்டடியாவது விழும்படி அமைக்கவும். தொட்டியின் மூடியில் கொசுவலை போட்ட காற்றுத் துளை இருக்க வேண்டும். 1 மில்லிகிராம் இரும்புக்கு 0.14 மில்லிகிராம் ஆக்சிஜனே போதும் என்பதால் காற்றுக்குப் பஞ்சம் வராது. பஞ்சம் வருவது நேரத்துக்குத்தான். பி.எச். 7.5-ஐத் தாண்டிய தண்ணீரில் இரும்பு நிமிடக் கணக்கில் மாறிவிடும், 6.5 அளவில் நிற்கும் தண்ணீரில் மணிக்கணக்கில் ஆகும். கேரளத்தில் பரவலாக இருப்பதைப் போன்ற செம்பாறை மண்ணில் தண்ணீர் புளிப்பாகவே இருக்கும். அங்கே சுண்ணாம்புக்கல் சல்லி நிரப்பிய தொட்டி வழியாக முதலில் விட்டு பி.எச்.-ஐ ஏற்றாமல் ஃபில்டர் வாங்குவது வீண்.

மூன்றாவது படி, பிளீச்சிங் பவுடர். தூறலுக்குப் பிறகும் தண்ணீர் இளமஞ்சளாகவே நின்று, ஒரு நாள் ஆகியும் படியாமல் இருந்தால் அது இலைமக்கு போன்ற கரிமப் பொருளோடு கட்டுண்ட இரும்பாக இருக்கலாம். அதை உடைக்க வெறும் காற்று போதாது, குளோரின் வேண்டும். 1 மில்லிகிராம் இரும்புக்கு 0.64 மில்லிகிராம் குளோரின் என்பது கணக்கு. லிட்டருக்கு 5 மில்லிகிராம் இரும்புள்ள ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கு, 30 சதவீதம் குளோரின் உள்ள புதிய பவுடர் ஏறத்தாழ 11 கிராம் வரும். கரிமப் பொருளும் குளோரினைத் தின்னும் என்பதால் தேவை இதற்கு மேலும் போகலாம், எனவே 15 கிராமில் தொடங்கி, அரை மணி நேரம் கழித்து மெல்லிய குளோரின் வாடை மிஞ்சுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். திறந்து வைத்த பழைய பாக்கெட்டில் வீரியம் போயிருக்கும். பவுடரை நேரே தொட்டியில் கொட்டாமல், சின்ன வாளியில் கரைத்து, அடிச்சுண்ணாம்பு படிந்த பின் மேல் தெளிவை மட்டும் ஊற்றவும்.

நான்காவது படி, மணல் ஃபில்டர். மேலே சொன்னபடி தூறலும் நேரமும் கிடைத்த தண்ணீரைச் சம்பிலிருந்து (தரைக்கடித் தொட்டியிலிருந்து) எடுத்து, மணல் நிரப்பிய உருளை வழியாக மேல்தொட்டிக்கு ஏற்றினால் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். ஐந்தாவது படிதான் மாங்கனீசு டை ஆக்சைடு பூசிய சிறப்பு மணல். இந்த வகை மணல் இரும்பு பிரிவதைத் துரிதப்படுத்துவதால் காத்திருக்கும் நேரம் குறையும். ஆனால் தண்ணீரில் காற்றோ குளோரினோ கலந்திருந்தால்தான் வேலை செய்யும். போரிலிருந்து நேரே இதற்குள் தண்ணீரைச் செலுத்தி, ‘ஆறு மாதம்தான் உழைத்தது’ என்று குறைப்படுகிறவர்கள் அனேகம்.

வீட்டில் பழைய திறந்த கிணறு மூடிக் கிடந்தால் அதை ஒரு முறை இறைத்துச் சோதித்துப் பார்க்கவும். காற்றுப் படும் மேல்மட்ட நீரில் இரும்பு பல இடங்களில் குறைவாகவே இருக்கும். மாடி மழைநீரை அதற்குள் விட்டால் இன்னும் நீர்த்துப்போகும். ஃபில்டருக்குச் செலவழிக்கும் முன் கிணற்றைத் தூர்வாருவதை யோசிக்கச் சொல்வேன்.

ஆளை அழைக்க வேண்டிய கட்டம்: ஆய்வறிக்கையில் இரும்பு 5 மில்லிகிராமைத் தாண்டினால், பி.எச். 6.8-க்குக் கீழே இருந்தால், அல்லது மாங்கனீசு 0.3-க்கு மேல் இருந்தால், கடையில் தயாராக நிற்கும் ஃபில்டரை வாங்காமல், அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வடிவமைத்துத் தருகிறவரிடம் போகவும். அறிக்கையைக் கேட்காமலேயே மாடல் சொல்கிறவரைத் தவிர்க்கவும்.

அறிகுறி 2: போரில் தெளிவு, வீட்டுக் குழாயில் மட்டும் சிவப்பு

காலையில் முதல் இரண்டு வாளி மட்டும் சிவந்து, பிறகு தெளிந்தால் இரவு முழுதும் குழாய்க்குள் நின்ற தண்ணீர் அது. ஒரே ஒரு டேப்பில் மட்டும் வந்தால் அந்த டேப்புக்குப் போகும் கிளைக் குழாயைப் பார்க்கவும். எங்கள் அடுக்ககத்தில் மூன்றாம் மாடிக் குளியலறையில் இப்படி வந்தது. சுவரை உடைத்து ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) எல்போவைக் கழற்றியபோது, முக்கால் அங்குலக் குழாய்க்குள் பென்சில் நுழையும் அளவுக்கே வழி மிச்சமிருந்தது, மீதி முழுவதும் கருஞ்சிவப்புக் கட்டி. அப்படிப்பட்ட குழாயை அமிலம் விட்டுக் கழுவ முயல வேண்டாம்; துருதான் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும், கழுவினால் சுவருக்குள் கசியும். மாற்றுவதுதான் வழி.

எல்லா டேப்பிலும் வந்தால் தொட்டி. நீர்மட்டம் குறையும்போதும், மோட்டார் போட்டு நிரம்பும்போதும் சிவப்பு கூடுகிறதா என்று கவனிக்கவும். கூடினால் அடிவண்டல் கலங்குகிறது. மேல்தொட்டியை வடித்துத் தேய்த்துக் கழுவினால் சரியாகிவிடும்.

சம்பு என்றால் எச்சரிக்கை வேண்டும். மூடிக் கிடந்த சம்புக்குள் ஆக்சிஜன் குறைந்திருக்கலாம். உள்ளே இறங்கியவர் மயங்குவதும், தூக்கப் போனவரும் விழுவதும் நம் ஊரில் மீண்டும் மீண்டும் நடக்கிறது. மூடியைத் திறந்து நன்றாகக் காற்றாட விட்டு, மின்விசிறியால் உள்ளே காற்றடித்து, மேலே ஓர் ஆள் கயிறோடு நிற்காமல் யாரும் இறங்கக் கூடாது. உள்ளே பெட்ரோல் பம்பு ஓட்டக் கூடாது. ஆழமான சம்பை வெற்றிட இயந்திரம் வைத்து வெளியிலிருந்தே சுத்தம் செய்கிறவர்களிடம் விட்டுவிடுவதே நல்லது.

அறிகுறி 3: போர் வாயிலேயே சிவந்து வருகிறது

மோட்டார் போட்ட முதல் ஓரிரு நிமிடம் மட்டும் சிவந்து பிறகு தெளிந்தால், போருக்குள் இறக்கிய குழாய் ஜி.ஐ.யா என்று பார்க்கவும். மோட்டாரை அடுத்த முறை பழுதுக்காக மேலே எடுக்கும்போது அதற்குப் பதில் யு.பி.வி.சி. குழாய் இறக்கச் சொல்லிவிட்டால் போதும். இதற்கென்று தனியாக மோட்டாரைத் தூக்க வேண்டியதில்லை. அதுவரை முதல் இரண்டு நிமிடத் தண்ணீரைத் தோட்டத்துக்குத் திருப்பிவிடவும்.

பத்து நிமிடம் ஓடியும் தெளியாவிட்டால், ஒரு பாட்டிலில் பிடித்துக் குலுக்கி வைத்துப் பார்க்கவும். அடியில் படிவதை விரலில் தேய்த்தால் நறநறவென்றிருந்தால் மணல் அல்லது செம்மண். மெழுகு போல வழுக்கிக்கொண்டு விரலைக் காவியாக்கினால் துரு. மண் வந்தால், போரின் மேல்பகுதி சரியாமல் காக்க இறக்கிய கேசிங் குழாய் பாறையில் சரியாக உட்காரவில்லை அல்லது எங்கோ விரிசல் விட்டிருக்கிறது. துரு வந்தால் பழைய இரும்புக் கேசிங் அரித்துப்போயிருக்கக் கூடும்.

கம்ப்ரசர் வைத்து ஃப்ளஷ் செய்வது, அதாவது காற்றழுத்தத்தால் போரின் அழுக்கை வெளியே தள்ளுவது, முதல் வைத்தியம். ஆனால் இருபது ஆண்டுக்கு மேற்பட்ட இரும்புக் கேசிங்கில் அதிகக் காற்றழுத்தம் விட்டால் இருக்கும் ஓட்டை பெரிதாகும். எனவே ஃப்ளஷ் செய்வதற்கு முன்பே போருக்குள் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லவும். பழைய கேசிங்குக்குள் சிறிய விட்டத்தில் பி.வி.சி. கேசிங் இறக்குவதா, போரைக் கைவிடுவதா என்பதை அந்தப் படத்தைப் பார்த்தபின் தான் முடிவெடுக்க வேண்டும். இந்த அறிகுறியில் கேமரா கட்டமே ஆளை அழைக்க வேண்டிய கட்டம். ஃபில்டர்காரரை அல்ல, போர் போடுகிறவரை அழைக்க வேண்டும்.

அறிகுறி 4: எண்ணெய் ஏடு, வழுவழுப்பு, வாடை

நின்ற தண்ணீரின் மேல் பெட்ரோல் சிந்தியது போல ஏடு மிதந்தால் ஒரு குச்சியால் கீறிப் பார்க்கவும். கண்ணாடிச் சில்லுகளைப் போல உடைந்து தனித்தனியாக நின்றால் அது இரும்பு சார்ந்த ஏடு. உடைந்த இடம் உடனே ஒன்றுசேர்ந்துகொண்டால் உண்மையாகவே எண்ணெய், மோட்டார் அல்லது பக்கத்துக் கசிவைத் தேட வேண்டும். ஃப்ளஷ் டேங்கின் மூடியைத் திறந்து உட்சுவரைப் பெருவிரலால் வழித்தால், ஆரஞ்சு நிறத்தில் ஊறவைத்த சவ்வரிசி போன்ற கூழ் ஒட்டிக்கொண்டு வருகிறதா? அது இரும்பை உண்டு வளரும் நுண்ணுயிர்க் கூட்டம். நோய் தருவதல்ல என்றாலும், குழாயையும் மோட்டார் வலையையும் அடைத்து, ஃபில்டரைக் கெட்டியாக்கிவிடும்.

அழுகிய முட்டை வாடை மட்டும் வந்து கூழ் இல்லையென்றால் அது கந்தக வாயு. அதற்கும் அறிகுறி 1-இன் தூறலே முதல் மருந்து.

கூழுக்கு மருந்து போருக்கு அதிக அளவில் குளோரின் கொடுப்பது. ஆறரை அங்குலப் போரில் ஓர் அடித் தண்ணீருக்கு ஏறத்தாழ ஆறரை லிட்டர் கணக்கு. நூறடி நீர் நிற்கும் போரில் 650 லிட்டர். லிட்டருக்கு 100 மில்லிகிராம் குளோரின் வேண்டுமானால் நல்ல பிளீச்சிங் பவுடர் கால் கிலோ. கூழ் தடித்திருந்தால் அரை கிலோ. வாளி வாளியாகக் கரைத்துத் தெளிவை மட்டும் போருக்குள் ஊற்றி, ஒரு ஹோஸ் வைத்துப் போர்த் தண்ணீரையே மறுபடி போருக்குள் அரை மணி நேரம் சுற்றவிடவும். குளோரின் வாடை ஹோஸில் வந்ததும் நிறுத்தி, ஓரிரவு விடவும். மறுநாள் வாடை போகும்வரை வெளியே இறைத்துவிடவும்; அந்தத் தண்ணீர் செடிகளுக்கும் மீன்தொட்டிக்கும் ஆகாது, ஆர்.ஓ. இயந்திரத்துக்கும் அறவே ஆகாது. மறுநாள் வருகிற தண்ணீர் முன்பைவிட மோசமாக, ரத்தச் சிவப்பில் இருக்கும். செத்த கூழ் உரிந்து வருவதால் அப்படி இருக்கிறது, பயப்பட வேண்டாம். தொட்டிகளையும் குழாய்களையும் அதே வாரத்தில் குளோரின் விட்டுக் கழுவாவிட்டால் ஒரு மாதத்தில் கூழ் திரும்பிவிடும்.

பிளீச்சிங் பவுடரோடு கழிப்பறை அமிலத்தைக் கலந்துவிடக் கூடாது. நச்சு வாயு வரும். அமிலம் விட்டுக் கழுவ வேண்டிய அளவுக்குப் போர் அடைத்திருந்தால், அல்லது இரண்டு முறை குளோரின் விட்டும் மூன்று மாதத்துக்குள் கூழ் திரும்பினால், அதற்கென்று உள்ளவர்களை அழைக்கவும்.

அறிகுறி 5: தண்ணீர் தெளிவு, ஆனால் கறை

சோறு மஞ்சளாகிறது, டீ கருக்கிறது, துணியில் காவிப் புள்ளி விழுகிறது; தண்ணீரைப் பார்த்தால் ஒன்றுமில்லை. இரும்பு 0.3-க்கும் 1-க்கும் இடையே இருக்கும் வீடுகளின் கதை இது. கறை காவியாக இல்லாமல் கருப்பாகவோ கரும்பழுப்பாகவோ இருந்தால் மாங்கனீசைச் சந்தேகிக்கவும்.

பெரும்பாலும் நடக்கும் தவறு, காவிப் புள்ளியைப் போக்க நிறம் நீக்கும் குளோரின் திரவத்தை ஊற்றுவது. அது இரும்பை இன்னும் அழுத்தமாகத் துருவாக்கித் துணியிலேயே பதித்துவிடும். எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் காயவைத்து அலசினால் புதிய கறை போகும். டைல்ஸிலும் வாஷ்பேசினிலும் உள்ள பழைய கறைக்கு ஆக்சாலிக் அமிலப் பொடியைக் கையுறை போட்டுக்கொண்டு பயன்படுத்தலாம்; அது விஷம் என்பதால் குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும். துவைக்கும் தண்ணீரை மட்டும் முந்தைய நாளே பிடித்து வைத்து, அடியைக் கலக்காமல் மொண்டு பயன்படுத்தினாலே பாதித் தொல்லை குறையும்.

அறிகுறி 6: ஃபில்டர் இருந்தும் சிவப்பு திரும்பிவிட்டது

எனக்கு வரும் அழைப்புகளில் அதிகம் இதுதான். புது மணல் மாற்ற வேண்டும் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லும் சர்வீஸ்காரரை அனுப்பிவிட்டு, கீழே உள்ள வரிசையில் பார்க்கவும்.

பேக்வாஷ், அதாவது தண்ணீரைத் தலைகீழாகச் செலுத்தி மணலைக் கழுவுவது, நடக்கிறதா? தண்ணீரின் திசையை மாற்றும் மல்டிபோர்ட் வால்வின் கைப்பிடியில் தூசி படிந்திருந்தால் விடை கிடைத்துவிட்டது. இரும்பு 2 மில்லிகிராம் இருக்கும் வீட்டில் வாரம் இரண்டு முறையாவது கழுவ வேண்டும். வடிகால் குழாயில் வரும் தண்ணீர் முதலில் டிகாஷன் போலவும், பிறகு டீ போலவும், கடைசியில் தெளிந்தும் வர வேண்டும். மூன்று நிமிடம் என்று யாரோ எழுதிவைத்துவிட்டுப் போன சீட்டைப் பார்க்காமல், தெளியும்வரை ஓடவிடவும். எங்கள் உருளைக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகிறது.

கழுவும் வேகம் போதுமா? இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. மணல் மேலெழும்பிப் புரண்டால்தான் காவி உதிரும். 13 அங்குல விட்டமுள்ள உருளைக்கு நிமிடத்துக்கு 35 முதல் 50 லிட்டர் தேவை. அதாவது பேக்வாஷ் வடிகாலில் 15 லிட்டர் வாளி 25 நொடிக்குள் நிரம்ப வேண்டும். ஒரு நிமிடம் ஆகிறது என்றால் மணல் அசையவே இல்லை, நாள்பட அது காவியோடு சேர்ந்து உருண்டை உருண்டையாகக் கட்டிவிடும். மேல்தொட்டித் தண்ணீரின் ஈர்ப்பு வேகத்தை நம்பி ஃபில்டர் மாட்டிய வீடுகள் எல்லாவற்றிலும் இந்தக் கதிதான். மோட்டாரின் நீரைப் பேக்வாஷுக்குத் திருப்பும் இணைப்பு கொடுத்தால் சரியாகும். அதேபோல, வேகம் அளவுக்கு மீறி மணலே வடிகாலில் வந்துவிடுவதும் உண்டு. வாளியின் அடியைத் தடவிப் பார்க்கவும்.

வால்வு கசிகிறதா? ஃபில்டர் நிலையில் வைத்து மோட்டாரை ஓட்டும்போது வடிகாலில் தண்ணீர் சொட்டினால் உள்ளே உள்ள ரப்பர் சீல் கிழிந்திருக்கிறது. வடிகட்டாத தண்ணீர் நேரே தொட்டிக்கும் போய்க்கொண்டிருக்கும். மோட்டார் ஓடும்போதே கைப்பிடியைத் திருப்பியதால் வந்த வினை அது. சீல் மலிவானது, ஆறு திருகுகளைக் கழற்றி ஒரு பிளம்பரே மாற்றிவிடுவார்.

முன்னால் காற்றோ குளோரினோ இன்னும் கிடைக்கிறதா? தூறல் துளைகள் காவியால் அடைத்துக்கொண்டிருக்கலாம், குளோரின் சொட்டும் பம்பின் டப்பா காலியாகியிருக்கலாம். ஒரு வீட்டில் காவலாளி மாறியபோது பிளீச்சிங் போடும் வழக்கத்தைப் புதியவரிடம் யாரும் சொல்லவில்லை. இரண்டு மாதம் ஃபில்டரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். பொட்டாசியம் பெர்மாங்கனேட் வைத்துப் புதுப்பிக்கும் வகை மணலானால் அந்தக் கரைசல் உள்ளே இழுக்கப்படுகிறதா என்று பார்க்கவும். டேப்பில் இளஞ்சிவப்பாக வந்தால் கரைசல் கூடிவிட்டது, தெளியும்வரை அலசிவிடவும்.

கடினநீரை மென்மையாக்கும் கருவிதான் இரும்பையும் எடுக்கும் என்று விற்றார்களா? அதற்குள் இருக்கும் ரெசின் என்ற பிசின் மணிகள் கரைந்த இரும்பைக் கொஞ்சம் பிடிக்கும். ஆனால் துருவாக மாறிய இரும்பு ரெசின் மணிகளைச் சூழ்ந்து அடைத்துவிடும், உப்புக் கரைசல் அதை எடுக்காது. 1 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருந்தால் அந்தக் கருவிக்கு முன்னால் தனி இரும்பு ஃபில்டர் கட்டாயம்.

இத்தனையும் சரியாக இருந்தும் சிவந்தால் உருளையின் மேல் வாயைத் திறந்து, நீளக் குழாயை உள்ளே விட்டு மணலைக் கொஞ்சம் எடுக்கவும். கட்டி கட்டியாக ஒட்டியிருந்தாலோ, சிறப்பு மணலின் கருமை போய்ச் சாதாரண மணல் போல வெளுத்திருந்தாலோ மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. இங்கேதான் சர்வீஸ்காரரை அழைக்க வேண்டும். மணல் மாற்றும்போது அடியில் உள்ள கூழாங்கல் அடுக்கையும் நடுக்குழாயின் சல்லடையையும் எடுத்துக் காட்டச் சொல்லவும். சல்லடை உடைந்திருந்தால் புது மணலும் ஒரே வாரத்தில் உங்கள் டேப்புக்கு வந்துவிடும்.

அறிகுறி 7: ஆர்.ஓ. இயந்திரம் அடிக்கடி அடைக்கிறது

வெளியே தொங்கும் வெள்ளைக் கேண்டில் (முதல் வடிகட்டி) ஒரு மாதத்துக்குள் செங்கல் நிறமானால் ஆர்.ஓ.வைக் குறைசொல்ல ஒன்றுமில்லை, அதற்குள் போகும் தண்ணீர் தயாராகவில்லை. வீட்டு ஆர்.ஓ.வின் விவரக் குறிப்பில் பொதுவாக இரும்பு 0.3 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று இருக்கும். கேண்டில் வெள்ளையாகவே இருந்தும் உள்ளே உப்பைப் பிரிக்கும் மெல்லிய சவ்வான மெம்பிரேன் சிவந்து அடைத்தால், கரைந்த இரும்பு கேண்டிலைத் தாண்டிப்போய் உள்ளே துருவாகிறது. போர்த் தண்ணீரை நேரே ஆர்.ஓ.வுக்கு இணைத்திருப்பவர்களுக்கு இது வரும். மேல்தொட்டியில் நின்று தெளிந்த தண்ணீருக்கு இணைப்பை மாற்றவும். அப்போது குளோரின் போடுகிறீர்கள் என்றால் ஆர்.ஓ.வுக்குள் உள்ள கார்பன் ஃபில்டரை உரிய காலத்தில் தவறாமல் மாற்ற வேண்டும், ஏனெனில் குளோரின் மெம்பிரேனை அரித்துவிடும்.

இணைப்பை மாற்றியும் ஓராண்டுக்குள் இரண்டாவது மெம்பிரேன் போனால், மூன்றாவதை வாங்குவதற்கு முன் இரண்டு பாட்டில்களில், ஆர்.ஓ.வுக்குள் நுழையும் தண்ணீரையும் போர்த் தண்ணீரையும் தனித்தனியாகப் பிடித்து ஆய்வகத்துக்குக் கொடுக்கவும். இரண்டிலும் இரும்பின் அளவு ஏறக்குறைய ஒன்றாக வந்தால் தொட்டியில் எதுவுமே படியவில்லை என்று பொருள். அறிகுறி 1-இன் இரண்டாவது படியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.